நாப்பத்தொண்ணாம் லாக்கர்

அம்மிணி, வெச்சுறாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க, போனை மட்டும் வெச்சுறாதீங்க. இப்பப் பக்கத்துல யார்கிட்டயோ "ஏய், அந்தத் தண்ணி பாட்டிலைக் குடு"ன்னு சொன்னீங்கல்ல? தமிழ்ல சொன்னீங்க. என் காதுல விழுந்துருச்சுங்க. கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி இருக்குது எனக்கு. பன்னெண்டு நாளா உங்க ஷூக் கம்பெனி நம்பருக்கு அடிக்கறேன். இங்கிலீஷுக்கு ஒண்ணு, இந்திக்கு ரெண்டுங்குது. ஒண்ணை அமுத்திட்டு உக்காந்திருப்பேன். பாட்டுப் போடுவாங்க. அந்தப் பாட்டு இப்ப எனக்கு மனப்பாடமுங்க. அப்புறம் யாராவது எடுத்து இங்கிலீஷ்ல மளமளன்னு கேப்பாங்க, நான் "தமிழ், தமிழ்"னு கத்துவேன், "ஸாரி சார்"னுட்டு வெச்சுருவாங்க. இன்னிக்கு மட்டும் இது நாலாவது தடவை.

தமிழ்ல பேசக் கூடாதுங்களா? ரூலுங்களா? சரிங்க, ரூலு ரூலுதான். நானும் ரூலுக்குள்ள இருக்கறவன்தான். மெதுவாப் பேசுங்க. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தா இங்கிலீஷுக்கு மாறிக்கங்க, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன். பேசறது பதிவாகுதுங்களா? ஆகட்டும், ஆகட்டும். நல்லதாப் போச்சு. நான் மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க.

ஆர்டர் நம்பரு இல்லீங்க. அதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க. ஷூ என்னுது இல்லீங்க அம்மிணி. என்னுதா இருந்தா நான் எதுக்குங்க இப்படிக் கெடந்து அடிச்சுக்கறேன், தூக்கிப் போட்டுட்டு வேற வேலை பாத்திருப்பேனே.

என் பேரு சென்னியப்பனுங்க. நீலகிரில ஒரு கோல்ஃப் கிளப்புல லாக்கர் ரூம் பாத்துக்கறேன். கிளப் பேரு வேண்டாமுங்க, வெளிய பேரைச் சொன்னேன்னு தெரிஞ்சா அதுக்குத் தனியா ஒரு மெமோ குடுப்பாரு செக்ரெட்டரி. மெம்பருங்க அறுபத்துநாலு பேருக்கு அறுபத்துநாலு லாக்கரு. வெளையாடிட்டு வந்து ஷூவைக் கழட்டி வெச்சுட்டு அவங்க பாட்டுக்கு டீ குடிக்கப் போயிருவாங்க. அடில ஒட்டுன புல்லு, மண்ணு எல்லாம் நோண்டி எடுத்து, தொடச்சு, பாலிஷ் போட்டு, லேசைக் கட்டி அவங்கவங்க லாக்கர்ல வெக்கறது என் வேலை. இருபத்தாறு வருசமுங்க. கண்ணைக் கட்டி விட்டாலும் எது யாரு ஷூவுன்னு தொட்டுப் பாத்தே சொல்லுவேன்.

நாளைக்குப் பதினோரு மணிக்குக் கமிட்டிங்க. உங்க கம்பெனில இருந்து ஒரே ஒரு லெட்டர் வரலைன்னா என் வேலை போச்சு. கிளப் குடுத்த குவாட்டர்ஸும் போச்சு. பெரிசா ஒண்ணும் கேக்கலீங்க. புது ஷூ வேண்டாம், நஷ்ட ஈடு வேண்டாம். "அந்த ஷூவோட அடிப்பாகம் தானா உதிர்ந்துச்சு, சென்னியப்பன் ஒண்ணும் பண்ணலை"ன்னு ரெண்டு வரி. உங்க கம்பெனி முத்திரையோட. அவ்வளவுதானுங்க. அதுக்குத்தான் பன்னெண்டு நாளா இந்தப் பாட்டைக் கேட்டுட்டிருக்கறேன்.

சரிங்க, மொதல்ல இருந்து சொல்றேன். ஒரு நிமிசம்... ஏ மயிலாத்தா, அந்தக் கதவைச் சாத்து, காத்து எரையுது. எம் பொண்டாட்டிங்க. எங்க வீட்ல இந்த ஜன்னல் ஓரம் நின்னாத்தான் சிக்னல். அவளும் பக்கத்துலயே நிக்கறா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கறேன், பரவால்லீங்களா?

நாப்பத்தொண்ணாம் நம்பர் லாக்கரு நந்தகோபால் சாருதுங்க. கோயமுத்தூர்ல மில்லு வெச்சிருக்கறாரு. நல்ல மனுசன். இல்லைன்னு சொல்ல மாட்டேன், இத்தனைக்கப்புறமும் சொல்ல மாட்டேன். அவரோட பையன் அமெரிக்காவுல இருக்கறாரு. அஞ்சு வருசத்துக்கு முன்னால வந்தப்ப அப்பாவுக்கு உங்க கம்பெனி ஷூ ஒரு ஜோடி, ஸ்வெட்டர் ஒண்ணு, தொப்பி ஒண்ணு கொண்டாந்து குடுத்தாரு. ஆல்டன்மூர். பொட்டி மேல தங்க எழுத்துல ஆயிரத்தெண்ணூத்தித் தொண்ணூத்தொண்ணுல இருந்துன்னு போட்டிருந்துச்சு. எங்க கிளப்பே அதுக்கு அப்புறம் வந்ததுதாங்க. வெள்ளைத் தோலு, ஓரத்துல காப்பிக் கலரு. நான் எத்தனையோ ஷூவைத் தொட்டவன் அம்மிணி, அது மாதிரி ஒண்ணு என் கைக்கு வந்ததில்லை. வெண்ணெய் மாதிரி இருக்கும்.

ரெண்டே ரெண்டு தடவை போட்டாரு. அப்புறம் முட்டில ஆபரேசன், பையன் வந்து அமெரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. போறப்ப லாக்கர் ரூமுக்கு வந்து, சாவியை என் கைல குடுத்து, "சென்னியப்பா, பாத்துக்கோ"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. எனக்கு அது போதுமுங்க. ஒரு மனுசன் இன்னொருத்தனை நம்பி ஒரு பொருளைக் குடுத்தா, அதுக்கு மேல என்ன சொல்லணும்?

அஞ்சு வருசம் பாத்துக்கிட்டேன். போன மாசம் கிளப்புல கோப்பைப் போட்டி. திடீர்னு காரு வந்து நிக்குது, நந்தகோபால் சாரு எறங்கறாரு. முட்டி சரியாயிருச்சாம். லாக்கரைத் திறந்து ஷூவை எடுத்து அவர் முன்னால வெச்சேன். அப்படி மின்னுச்சுங்க. கண்ணாடி தோத்துச்சு. கூட நாலஞ்சு மெம்பருங்க இருந்தாங்க. அவங்க எல்லாரு முன்னாலயும் என் தோள்ல கையைப் போட்டு, "பாத்தீங்களாப்பா, நேத்து வாங்குன மாதிரி வெச்சிருக்கறான்"னாரு. இருபத்தாறு வருசத்துல என் தோள்ல கையைப் போட்ட மொத மெம்பரு. அன்னிக்குச் சம்பளம் வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் சரின்னிருப்பேன்.

ஒரு மணி நேரங்கூட ஆகலீங்க. மூணாவது ஹோல், அதாவது மூணாவது குழி இருக்கற எடம், ஒரு எறக்கம். காலைல பனி பெஞ்ச புல்லு. அங்க போயி சறுக்கி விழுந்துட்டாரு. எப்படிச் சறுக்குனாருன்னு நெனைக்கறீங்க? ஷூவோட அடிப்பாகம் முழுசா கழண்டுருச்சு. கழண்டதுகூட இல்லீங்க, உதிர்ந்துருச்சு. டீல முக்குன ரஸ்க்கு எப்படிப் போகும், அந்த மாதிரி. மேல தோலு மட்டும் பளபளன்னு காலோட இருக்குது, கீழ ஒண்ணுமே இல்லை. ஊணுன கை, மணிக்கட்டு ஒடைஞ்சுருச்சு. அறுபத்தெட்டு வயசு மனுசன்.

வண்டில வெச்சுக் கொண்டாந்தாங்க. நான் ஓடறேன். ஷூவைக் கழட்டப் போறேன், என் கையெல்லாம் கருப்புத் தூளு. சாரு என்னைப் பாத்தாரு. வலில பாத்த பார்வை இல்லீங்க அது. "என்னடா பண்ணித் தொலைச்ச? எதைப் போட்டுத் தொடச்ச?"ன்னாரு. ஒரு மணி நேரத்துக்கு முன்னால தோள்ல கையைப் போட்ட மனுசன். என்னை டா போட்டு அவரு கூப்பிட்டதே இல்லீங்க அதுக்கு முன்னால.

ஆமாங்க, சுருக்கமாத்தான் சொல்றேன். அம்மிணி, உங்களுக்கு ஒரு போனுக்கு இத்தனை நிமிசம்னு கணக்கு இருக்கும், எனக்குத் தெரியும். எங்க செக்ரெட்டரியும் டவலுக்குக் கணக்கு வெக்கறவருதான். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கங்க.

மறுநாளே மெமோ வந்துருச்சு. ஆசிட்டோ பினாயிலோ போட்டு மெம்பர் சொத்தை நாசம் பண்ணிட்டேன், மெம்பர் உசுருக்கு ஆபத்து உண்டாக்கிட்டேன்னு. வேலைக்கு வர வேண்டாம், கமிட்டி முடிவு பண்ற வரைக்கும் வீட்ல இருன்னுட்டாங்க. செக்ரெட்டரி ஒரு ரிடையர்டு மேஜருங்க. கால்ல விழாத குறையாச் சொன்னேன், "சார், நான் ஒண்ணும் பண்ணலை, அது தானா உதிர்ந்துருச்சு"ன்னு. அவரு சொன்னாரு, "நூறு வருசத்துக்கு மேல ஷூ பண்ற கம்பெனிப்பா அது, தானா எப்படி உதிரும்? அப்படித்தான்னு அந்தக் கம்பெனி எழுதிக் குடுத்தா ஒத்துக்கறேன்."

அதுல இருந்து ஆரம்பிச்சதுதாங்க இந்தப் பாடு. பக்கத்து வீட்ல ஸ்டெல்லா டீச்சருன்னு ஒருத்தங்க இருக்கறாங்க, ரிடையர் ஆனவங்க. அவங்க இங்கிலீஷ்ல மெயில் போட்டாங்க உங்களுக்கு. உங்க ஆளுங்க பதிலு போட்டாங்க, இல்லைங்கலை. அன்புள்ள வாடிக்கையாளரே, உங்க சந்தோசம் எங்களுக்கு முக்கியம், ஆர்டர் நம்பர் அனுப்புங்க. டீச்சர் மறுபடி போட்டாங்க, ஆர்டர் நம்பர் இல்லை, சங்கதி இதுன்னு. அதுக்கும் பதிலு, வேற ஒருத்தரு பேர்ல. அன்புள்ள வாடிக்கையாளரே, உங்க சந்தோசம் எங்களுக்கு முக்கியம், ஆர்டர் நம்பர் அனுப்புங்க. ஏனுங்க, இவ்வளவு சந்தோசம் கேக்கற கம்பெனி, ஒரு தடவை மெயிலைப் படிச்சுப் பாக்கக் கூடாதுங்களா? நீங்க போடலை, எனக்குத் தெரியுது. உங்களைச் சொல்லலை.

அஞ்சாவது மெயில்ல ஒருத்தரு போட்டோ கேட்டாரு. அடடா, வழி பொறந்துருச்சுன்னு நாலு பக்கமும் எடுத்து அனுப்புனோம். அதுல வந்து மாட்டுனது, சந்தனமும் குங்குமமும்.

ஆயுத பூஜைக்கு வெச்சதுங்க. வருசா வருசம் வெப்பேன். டிரைவருக்கு வண்டி, டீச்சருக்குப் பொஸ்தகம், எனக்கு எது? எனக்குச் சோறு போடறது ஷூதானே. அறுபத்துநாலு லாக்கர்லயும் ஷூவோட குதிகால் பக்கம் ஒரு பொட்டு சந்தனம், அது மேல குங்குமம். மொத வருசம் வெச்சப்ப மெம்பருங்க சிரிச்சாங்க. அப்புறம் அவங்களே கேப்பாங்க, "சென்னியப்பா, என்னுதுக்கு வெச்சியா"ன்னு. மறுநாள் தொடச்சிருவேன். இந்த ஒரு ஜோடிக்கு மட்டும் தொடைக்கலை. சாரு வந்து போடற வரைக்கும் இருக்கட்டும், அவரு நல்லபடியா நடந்து வரணும்னு ஒரு வேண்டுதலு. அஞ்சு வருசமும் அஞ்சு பொட்டு.

உங்க ஆளு அதைப் பாத்துட்டு என்ன எழுதுனாருன்னு தெரியுங்களா? மஞ்ச, செவப்பு நெறத்துல ஏதோ ரசாயனப் பொருள் தெரியுது, அனுமதி இல்லாத பொருளைப் போட்டதால வாரண்டி செல்லாதுன்னு எழுதிட்டாரு. அம்மிணி, நீங்க தமிழ்ப் புள்ளை. சந்தனம் ரசாயனமுங்களா?

சிரிக்காதீங்க. சிரிச்சா நானும் சிரிச்சிருவேன், அப்புறம் அழுகை வந்துரும்.

அதுலயும் கொடுமை கேளுங்க. அந்த மெயிலு வந்த அன்னிக்கு ஞாயித்துக்கெழமை. டீச்சரு கோயில்ல பூசைக்குப் போயிட்டாங்க, மெயிலைத் திறக்கற நம்பரு எங்கிட்ட இருந்துச்சு. எனக்கோ கம்பெனி முத்திரையோட பெரிய லெட்டரு வந்துருக்குதுன்னா காலு தரைல நிக்கலை. மயிலாத்தா சொன்னா, டீச்சர் வரட்டும், படிச்சுப் பாத்துட்டுக் குடுக்கலாம்னு. நான் கேக்கலை. முத்திரை போட்டு வந்துட்டா நல்ல சேதியாத்தானே இருக்கும்? பஜார்ல பிரிண்ட் போட்டு, கையோட கொண்டுபோய் மேஜர் கைல நானே குடுத்தேன். "பாருங்க சார், கம்பெனியே சொல்லிருச்சு"ன்னேன். அவரு படிச்சாரு. ரெண்டு தடவை படிச்சாரு. "சரி சென்னியப்பா, ஃபைல்ல வெச்சுக்கறேன்"னாரு. நான் கும்பிட்டுட்டு வந்தேன். டீச்சரு வந்து படிச்சுச் சொன்னப்பத்தான் தெரிஞ்சுது, அதுல என்ன எழுதியிருக்குதுன்னு. வேலில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கறதுன்னு சொல்லுவாங்களே, அதை நடந்தே போயி செஞ்சுட்டு வந்திருக்கறேன்.

அதுதாங்க இப்ப ஃபைல்ல இருக்குது. நாளைக்குப் பதினோரு மணிக்கு அதைப் படிப்பாங்க. அதை அடிக்கணும்னா உங்க கம்பெனில இருந்தே இன்னொரு காகிதம் வரணும். வேற யாரு சொன்னாலும் எடுபடாது. எனக்கு அம்பத்தி மூணு வயசு. நான் பத்தாவது தாண்டலை. ஷூ தொடைக்கறதை விட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. மெம்பர் ஷூவை ஆசிட் ஊத்திக் கெடுத்தவன்னு பேரு வாங்கிட்டு இந்த மலைல யாரு வீட்டு வாசல்ல போயி நான் வேலை கேப்பேன்? வேலை போனாக்கூடத் தாங்கிக்குவேன். இந்தப் பேரை எப்படித் தாங்கறது, சொல்லுங்க.

என்னங்க? லைன்ல இருக்கறீங்களா?

சரிங்க. பாருங்க, பாருங்க. மெதுவாப் பாருங்க. நான் இருக்கறேன். பாட்டு மட்டும் போட்டுறாதீங்க.

...

ஏனுங்க? திரும்பச் சொல்லுங்க. மயிலாத்தா, இங்க வா, கேளு. சொல்லுங்க அம்மிணி. அந்த அடிப்பாகம் ஒரு மாதிரி நுரை ரப்பரு, அதைப் போட்டு நடக்காம வருசக்கணக்கா வெச்சிருந்தா தானா இத்துப் போகும்! உங்க கம்ப்யூட்டர்லயே அப்படிப் போட்டிருக்குதா? எந்தக் கம்பெனி ஷூவா இருந்தாலும் அப்படித்தானா? அட முருகா. அட சென்னிமலை முருகா. அதைத்தானுங்க நான் பன்னெண்டு நாளா நாய் மாதிரிக் கத்தறேன்! தானா உதிர்ந்துச்சு, தானா உதிர்ந்துச்சுன்னு!

இருங்க, மூஞ்சியைத் தொடச்சுக்கறேன்.

இதை முன்னாலயே ஒருத்தரு சொல்லியிருந்தா என்னங்க? அந்த அஞ்சாறு மெயில்ல ஒருத்தரு? சரி விடுங்க. இப்ப நீங்க சொல்லிட்டீங்க. இதை அப்படியே எழுதி அனுப்ப முடியுங்களா? முடியுமா? ஷூ யாருதா இருந்தாலும் பரவால்லையா? டெக்னிக்கல் லெட்டரா? முத்திரையோட? சாமி, நீங்க நல்லா இருக்கணும். உங்க ஊரு எதுங்க? சொல்லக் கூடாதா, சரி சரி. எந்த ஊரா இருந்தாலும் உங்களைப் பெத்தவங்க நல்லா இருக்கணும்.

கேள்வி கேட்டுப் பூர்த்தி பண்ணணுமா? கேளுங்க. எத்தனை வேணாலும் கேளுங்க. நான் சொல்ற பதிலு அப்படியே அந்த லெட்டர்ல வருமா? ரொம்ப நல்லது. என் வாயால சொன்னதாவே இருக்கட்டும்.

வாங்கி அஞ்சு வருசமுங்க. அஞ்சு வருசம் ரெண்டு மாசம்.

எட்டாம் நம்பரு.

மெம்பரு போட்டது ரெண்டு தடவை. அதுக்கப்புறம் யாரும் போடலை. யாருமே போடலீங்க.

அம்மிணி. இந்தப் பதிவு... பதிவாகறதை நடுவுல கொஞ்சம் நிறுத்த முடியுங்களா? முடியாதா. சரி, எழுதாமலாவது விடுங்க. மூணாம் வருசம் ஒரு மழை நாளு. கிளப்புல ஈ காக்கா இல்லை. தொடைக்கறதுக்கு எடுத்தேன். எனக்கும் எட்டாம் நம்பருதாங்க. என்னமோ புத்தி போச்சு. காலைக் கழுவித் தொடச்சுட்டு, உள்ள விட்டுப் பாத்தேன். விட்டு, நாலு எட்டு நடந்தேன். ஜமக்காளத்து மேலதான், தரைல இல்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலே எட்டு. மெம்பரு கால் வெக்கற எடத்துல நான் கால் வெக்கறதான்னு உடனே கழட்டிட்டேன். எம் பொண்டாட்டிக்கே இப்பத்தான் தெரியும், பாருங்க எப்படிப் பாக்கறான்னு. அதை எழுதாதீங்க. சத்தியமா அதுனால ஒண்ணும் ஆகலை.

என்ன சொல்றீங்க? நடந்தா நல்லதா? மாசத்துக்கு ஒருக்கா போட்டு நடந்திருந்தா ரப்பரு இத்துப் போயிருக்காதா? உங்க கம்ப்யூட்டரு அப்படிச் சொல்லுதா? அது உங்க ஊரு நாயமுங்க. சாரோட பையனும் போறப்ப இப்படித்தான் என்னமோ சொன்னாரு, "நீங்க வேணா அப்பப்பப் போட்டு நடங்க"ன்னு. அமெரிக்காவுல இருக்கறவங்க அப்படித்தான் பேசுவாங்க. இங்க மெம்பர் ஷூவைப் போட்டு நடந்தான் லாக்கர்காரன்னா, அதுக்கு இன்னொரு கமிட்டி. வேண்டாமுங்க. யாரும் போடலைன்னே எழுதுங்க.

அடுத்து?

தண்ணி படலை. வெயிலு படலை. ஆசிட்டு, பினாயிலு எதுவும் படலை. சந்தனம் பட்டுச்சு, அதைச் சந்தனம்னே எழுதுங்க, ரசாயனம்னு எழுதிறாதீங்க. அதே லாக்கர்ல உங்க கம்பெனி ஸ்வெட்டரும் இருக்குது, ஒரு பூச்சி அரிக்கலை. வேணும்னா அதையும் சேத்துக்கங்க.

எப்படி வெச்சிருந்தேன்னுங்களா? இதுதாங்க கேக்க வேண்டிய கேள்வி. இதை எவனும் கேக்கலை எங்கிட்ட, மேஜரும் கேக்கலை, கமிட்டியும் கேக்கலை. நல்லா எழுதிக்கங்க. எங்க மலைல பனி இருக்குது பாருங்க, அது ஜன்னல் வழியா வராது, செவுத்து வழியா வரும். சும்மா வெச்ச தோலு ஒரு மாசத்துல பூசணம் பிடிச்சு வெள்ளையாப் போயிரும். மத்த மெம்பருங்க ஷூவு தெனமும் வெளிய போயி வருது, பரவால்லை. இது இருந்த எடத்துலயே இருக்கற பொருளு. அதனால கெட்டியான பிளாஸ்டிக் தாளு, மெத்தைக்குப் போட்டு வருமில்ல, அந்தத் தாளை வாங்கியாந்து மூணு சுத்து சுத்தினேன். ஒவ்வொரு சுத்துக்கும் ஓரமெல்லாம் டேப்பு ஒட்டினேன். எறும்பு மூச்சுகூட உள்ள போக முடியாது. மாசம் ஒருக்கா பிரிச்சு மேல தோலைத் தொடச்சு, மறுபடி புதுத் தாளு, புது டேப்பு. அந்தத் தாளெல்லாம் என் சொந்தக் காசுங்க. அஞ்சு வருசம். கிளப்புல கேட்டுப் பாருங்க, வேற எவன் அப்படிச் செய்வான்.

அம்மிணி?

கேக்குதுங்களா?

ஆமாங்க, பிளாஸ்டிக்குதான். ஏன் மறுபடியும் கேக்கறீங்க?

பொட்டிலயா? இல்லீங்க, பொட்டியைத் தனியா வெச்சிருக்கறேன். அதுக்குள்ள ஒரு காகிதம்கூட இருந்துச்சு, இங்கிலீஷ்ல பொடி எழுத்து, அதையும் மடிப்புக் கலையாம வெச்சிருக்கறேன். அதுல என்ன எழுதியிருக்குதுன்னு தெரியாது. காத்தாட வெக்கணும்னு எழுதியிருக்குதா? அடைச்சு வெச்சா ஈரம் உள்ளயே நின்னு ரப்பரு இன்னும் சீக்கிரம் இத்துப் போகுமா? அம்மிணி, கோவிச்சுக்காதீங்க. நீங்க ஏசி ரூம்ல உக்காந்து படிக்கறீங்க. நான் இருபத்தாறு வருசமா இந்தப் பனிக்குள்ள நிக்கறேன். எங்க ஊர்ல காத்துதாங்க எமன். காத்தை உள்ள விட்டுட்டா அப்புறம் என்ன பாதுகாப்பு? அந்தத் தோலைப் பாருங்க, இன்னிக்கும் கண்ணாடி மாதிரி இருக்குது. அதுக்குக் காரணமே என் தாளுதான்.

"அண்ணா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க"ன்னா என்னங்க யோசிக்கறது? யோசிக்க என்ன இருக்குது இதுல?

துணிப்பையா?

இல்லீங்களே. துணிப்பைன்னு நான் சொல்லவே இல்லையே.

ஏ, கையை விடு. இவ ஒருத்தி, சட்டையைப் பிடிச்சு இழுக்கறா. என்னடி? துணிப்பைல வெச்சேன்னு சொல்லணுமா? எதுக்கு? ஏன் நான் பொய் சொல்லணும்? அம்மிணி, இருங்க, வெச்சுறாதீங்க. ஏன்டி, உனக்கு வெவரம் இருக்குதா? மெம்பர் நம்பிக் குடுத்த ஷூவை அஞ்சு வருசம் ஒரு துணிப்பைல போட்டு மூலைல வீசுனேன்னு லெட்டர்ல வந்தா நாளைக்கு என் மூஞ்சி என்னாகும்? கவனிப்பே இல்லாதவன், அவனாலதான் கெட்டுச்சுன்னு சொல்ல மாட்டாங்களா? என் கைல இருக்கற ஒரே சாட்சி அந்தத் தாளு. அதையே இல்லைன்னு சொல்லச் சொல்ற. போ, போயி உள்ள உக்காரு.

மன்னிச்சுக்கங்க அம்மிணி. அவளுக்குப் பயம். பொம்பளை, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாங்கன்னு ராத்திரியெல்லாம் தூங்கறதில்லை. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க.

அந்தக் கேள்வியைக் காலியா விட்டுறலாமுங்களா? ஏன்? உங்களுக்கு அந்த அதிகாரம் இருக்குதா? இருந்தாலும் வேண்டாமுங்க. மேஜரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. ஒரு கட்டம் காலியா இருந்தாப் போதும், அதுல வெரலை வெச்சுட்டு நிப்பாரு. எல்லாக் கேள்விக்கும் பதிலு இருந்தாத்தான் மரியாதை. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. மூணு சுத்து பிளாஸ்டிக் தாளு. ஓரத்துக்கு டேப்பு. காத்துப் புகாம. மாசா மாசம். அஞ்சு வருசம். சென்னியப்பன் தன் கையால கட்டி வெச்சான்னு என் பேரையும் போடுங்க. பேரில்லாமப் போட்டா வேற எவனாவது கட்டுனான்னு ஆயிரும்.

எழுதிட்டீங்களா? ஒருக்கா படிச்சுக் காட்டுங்க. இங்கிலீஷ்லயே படிங்க, பரவால்லை. என் பேரு எங்க வருதுன்னு பாக்கறேன்.

...

வந்துச்சு, வந்துச்சு. சென்னியப்பன். ரெண்டு எடத்துல வருதே. பேஷ். ஒரு வார்த்தை குறைக்காதீங்க அம்மிணி. ஸ்டெல்லா டீச்சரு மெயிலுக்கு அனுப்புனாப் போதும். ஒரு மணி நேரத்துல வந்துருமா? டீச்சரு இன்னிக்கு ஊருக்குப் போயிருக்கறாங்க, நாளைக்கு மத்தியானம்தான் வருவாங்க. பரவால்லை, மெயிலைத் திறக்கற நம்பரு எங்கிட்டக் குடுத்துட்டுத்தான் போயிருக்கறாங்க. பஜார்ல பிரிண்ட் போட்டு, காலைல ஒம்பது மணிக்கே மேஜர் கைல கொண்டுபோய்க் குடுத்துருவேன்.

ஏன் குரலு ஒரு மாதிரி இருக்குது? சூப்பர்வைசரு வந்துட்டாருங்களா? சரி சரி, வெச்சுருங்க. ஒரு மெசேஜ் வருமா? ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க்கா? அஞ்சுதாங்க அமுத்துவேன். பன்னெண்டு நாளா எவனும் கேக்காத கேள்வியைக் கேட்டு, என் பேரைக் காப்பாத்தி விட்டிருக்கறீங்க, உங்களுக்கு அஞ்சுக்குக் குறைச்சுப் போட்டா என் கை வெளங்குமா?

அந்தச் சத்தமா? ஒண்ணுமில்லீங்க. மயிலாத்தா அழுகறா. எத்தனை நாளாச்சு ஒரு நல்ல சேதி கேட்டு, அதான்.